மெஷினுக்கு வைத்த பொட்டு

கடை மஞ்சள்தூளில் கலருக்காக ஈயம் கலந்திருக்கிறதா என்பதுதான் என் ஆராய்ச்சி. ஈரோட்டில் வாங்கிய தூள்களை ஒப்பிட்டுப் பார்க்க அசல் ஒன்று வேண்டுமே, அதற்கு அப்பா எங்கள் தோட்டத்தில் விளைந்த மஞ்சளைத் தானே அரைத்துக் கொடுத்தார். அந்தத் தூள் சுத்தமாக இருந்தால்தான் மற்றதெல்லாம் நிற்கும்.

சோதிக்கிற மெஷின் கோயமுத்தூரில், பல்கலைக்கழகப் பொது ஆய்வுக்கூடத்தில் இருந்தது. அதற்கு ஊர்ப்பட்ட கூட்டம். எனக்குக் கிடைத்தது ஆயுத பூஜை லீவு முடிந்த மறுநாள் காலை.

முதலில் அப்பா தூளை வைத்தேன். ஈயம்! திரும்ப வைத்தேன். அடக் கண்றாவியே, மறுபடியும் ஈயம்! எனக்கு வந்ததே கோபம். உடனே போனைப் போட்டேன்.

"ஏனுங்கப்பா, மஞ்சள்ல என்னத்தைக் கலந்தீங்க?"

"பெத்த புள்ளைக்கு வெசம் வெப்பனா நானு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அடுத்து அம்மா கூப்பிட்டாள். "என்ன கண்ணு சொல்லிப்போட்டே? சோறு வேண்டாம்னுட்டுப் பஸ் ஏறிப் போறாரு உங்கப்பா!"

ஆத்திரத்தில் காலிக் கிண்ணத்தை வைத்துப் பார்த்தேன். அதிலும் ஈயம்.

மெஷினை ஓட்டுகிற அண்ணன் மெஷினுக்கும் மரியாதை தவறாதவர். "அவங்க பொய் சொல்ல மாட்டாங்களே" என்று மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். உள்ளே ஓரமாகப் பளீரென்று மஞ்சள்.

"பூஜைக்குப் பொட்டு வெச்சமுங்க. வெளிய மட்டும் வெச்சா மனசு கேக்கலீங்க. உள்ளயும் ஒண்ணு வெச்சுப்போட்டேன்."

"அந்த மஞ்சள் எங்க வாங்குனது?"

"கடையிலதானுங்க. கலரு நல்லா இருந்துச்சுங்க."

எங்கே போய் முட்டிக்கொள்வது!

அவர் துடைத்து முடிப்பதற்குள் மதியமாகிவிட்டது. வாசலில் அப்பா, கையில் மஞ்சள்தூள் பை. பொட்டுக் கதையை நான் சொல்லச் சொல்ல அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "எம் முன்னால வெச்சுப் பாருங்க தம்பி" என்று அண்ணனிடம் பையை நீட்டினார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு மெஷின் முன்னால் நின்றார்.

ஈயம் துளியும் இல்லை.

அப்பா மெஷினைக் கும்பிட்டு, "ரொம்ப நன்றிங்க" என்றார். மெஷின் சார்பாக அண்ணன், "இருக்கட்டுங்க" என்றார்.

பஸ் ஸ்டாண்டு வரை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகப் பையை என்னிடம் கொடுத்தார். "அடுத்த பூசைக்கு அவங்களுக்கு நம்ம மஞ்சளையே வெக்கச் சொல்லு."

"சரிங்கப்பா."

கண்டக்டர் விசில் அடித்தார். அப்பா அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"சாப்பிட்டாச்சா கண்ணு?"

"இல்லீங்கப்பா."

"நானுந்தான்" என்று பஸ்ஸை விட்டு இறங்கினார்.