மகனின் உடலைக் கேட்கும் ராஜா: அபுதாபியில் ஒரு பிரெஞ்சுத் திரை

வழக்கமாக இந்த வலைப்பூவில் கடற்கரை, கோட்டை, மலிவான சாப்பாடு என்று எழுதுவேன். இந்தப் பயணம் அப்படியில்லை. போன ஆகஸ்டில் ராஸ் அல் கைமா கல் குவாரியில் பாறை சரிந்து என் மாமா மகன் முருகேசன் இறந்துபோனான். உடலை ஊருக்கு அனுப்பக் கம்பெனியின் கையெழுத்து வேண்டும். தலைமை அலுவலகமோ அபுதாபியில். போனில் 'நாளைக்கு, நாளைக்கு' என்றே இழுத்தடித்தார்கள். முதுகுளத்தூரிலிருந்து விசிட் விசாவில் வந்திருந்த மாமாவைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே கிளம்பிவிட்டேன்.

ராஸ் அல் கைமாவிலிருந்து காலை ஆறு மணி பஸ், ஆளுக்கு நாற்பத்தைந்து திர்ஹாம், மூன்றரை மணி நேரம். அலுவலகத்தில், மேனேஜர் நாலு மணிக்குத்தான் வருவார் என்றார்கள். அந்த வெயிலில் மாமாவை எங்கே உட்கார வைப்பது? டாக்ஸி ஓட்டிய பட்டாணியர்தான் வழி சொன்னார்: "மியூசியம் ஜாவ் பாய், ஏசி அச்சா ஹை." மியூசியத்துக்குப் போங்க, ஏசி நல்லா இருக்கும் என்கிறார்.

உள்ளே ஒரு சுவர் முழுக்க ஒரே திரைச்சீலை. பிரான்சில் நானூறு வருடங்களுக்கு முன்பு கம்பளியும் பட்டும் கலந்து நெய்தது. கிரேக்கப் புராணக் காட்சி. டிராய் நகரத்துக் கிழட்டு ராஜா, தன் மகனைக் கொன்ற வீரனின் கூடாரத்துக்கே வந்து, முட்டி போட்டு அவன் கையை முத்தமிடுகிறார். சிவப்பெல்லாம் செங்கல் நிறமாக மங்கிவிட்டது.

"யாரு மாப்ள இந்தப் பெரியவரு? என்ன கேக்குறாரு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "செத்துப்போன மகனோட உடம்ப மாமா."

"குடுத்தானா?"

"குடுத்தான். ரெண்டு பேரும் சேந்து அழுதாங்களாம்."

மாமா அந்த இடத்தை விட்டு நகரவேயில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

மேனேஜர் நாலரைக்கு வந்தான். முருகேசன் வயதுதான் இருக்கும். நான் தாள்களை எடுப்பதற்குள் மாமா மேசையைச் சுற்றிப் போய், முட்டி போட்டு, அவன் கையைப் பிடித்து முத்தமிட்டார். எங்கள் பக்கம் காலில் விழுவார்களே தவிர இந்தப் பழக்கம் கிடையாது. அந்தப் படத்தை அவ்வளவு பெரிய கட்டிடத்தில் மாட்டியிருக்கிறார்களே, இந்த நாட்டில் இப்படித்தான் கேட்க வேண்டும் போல என்று நினைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே எதையாவது போட்டு உடைக்கலாம் போலிருந்தது. "கலாஸ், கலாஸ்", போதும் போதும் என்று அவன் கையை உருவிக்கொண்டான். கையெழுத்துப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

திரும்பும்போது, பஸ் ஷார்ஜாவைத் தாண்டியதும் மாமா சொன்னார். "படத்துல உள்ளவன் அழுதான்ல மாப்ள. இவன் கையத் தொடச்சுக்கிட்டான்யா."

திரையைப் பார்க்கப் போகிறவர்கள் மியூசியம் திறந்ததுமே போய்விடுங்கள், கூட்டம் இருக்காது. எங்களைப் போன்ற வேலையாக வருகிறவர்களுக்கு: போலீஸ் தாள், இறப்புச் சான்று, விசா ரத்து எல்லாவற்றிலும் இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும், யாரிடமும் கெஞ்சாதீர்கள். இன்னொன்று, உடல் விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில்தான் வரும், பயணிகளின் சாமான்களோடு வராது. அது தெரியாமல் மாமா மதுரையில், எல்லோரும் பெட்டிகளை எடுத்துக்கொண்டு போன பிறகும், நின்றுபோன பெல்ட்டின் பக்கத்திலேயே முருகேசனுக்காகக் காத்திருந்தார்.