பிளக்கைத் துடைக்க மறந்த மெக்கானிக்

பள்ளிக்கூடத்தை விட்டுப் பன்னிரண்டு வருடம் கழித்து என் மனைவி பிரைவேட்டாக பிளஸ் டூ எழுதினாள். நெம்மேலியில் எங்கள் தெருவுக்கே அது தெரியும், சிக்கலும் அதுதான். ரிசல்ட் நெட்டில் வரும். எங்களிடம் அப்போது இருந்தது பட்டன் போன். பிரௌசிங் சென்டருக்குப் போகலாம் என்றேன்.

"பாஸோ பெயிலோ, என் வூட்டுல பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். பெயிலாகி நாலு பேர் எதிரில் அழுதுவிடுவோமோ என்ற பயம் அவளுக்கு. எனக்கும் அதே பயம்தான், காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கூடுவாஞ்சேரி நண்பன் புதுசு வாங்கியதும் பழசை என் தலையில் கட்டியிருந்தான். அதில் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ்தான். அதன் பெருமையைப் பேச ஆரம்பித்தால் அவன் ஏற வேண்டிய ரயிலையே விட்டுவிடுவான். ரிசல்ட்டுக்கு மூன்று நாள் முன்னால், யு.எஸ்.பி.யில் செருகினால் நெட் வரும் என்று ஒரு மோடம் வாங்கி வந்தேன். விரல் நீளம்தான் இருந்தது. புதுப்பொருள் எது வந்தாலும் என் மனைவி சாமி படத்துக்கு முன் வைத்துப் பொட்டு வைத்த பிறகுதான் கையில் தருவாள். மோடத்துக்கும் அந்த மரியாதை கிடைத்தது.

செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. நண்பனுக்குப் போன் போட்டேன். என்னென்ன செருகியிருக்கிறது என்று காட்டும் கமாண்ட் ஒன்றை அவன் சொல்ல, எழுத்து எழுத்தாக அடித்தேன். மவுஸ் இருப்பதாகச் சொன்னது, கீபோர்டு இருப்பதாகச் சொன்னது, மோடத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. ஒரு சாஃப்ட்வேர் குறைகிறதோ என்னவோ, நெட்டிலிருந்து இறக்கிப் போடு என்றான். நெட் வருவதற்கு நெட் வேண்டுமாம்! இரண்டு நாள் லினக்ஸைத் திட்டித் தீர்த்தேன். அவள் ஹால் டிக்கெட்டை எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

ரிசல்ட் அன்று காலை முட்டுக்காட்டில் ஒரு படகு கிளம்பவில்லை என்று கூப்பிட்டார்கள். நான் படகு என்ஜின் மெக்கானிக். எந்த என்ஜினாக இருந்தாலும் முதலில் பிளக்கைக் கழற்றித் துடைப்பேன், மற்றதெல்லாம் அப்புறம்தான். அன்றும் துடைத்தேன், என்ஜின் ஓடியது. துணி கையிலேயே இருக்க, அப்படியே நின்றுவிட்டேன். அந்த மோடத்தின் வாயை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

வண்டியை விரட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மோடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கம்ப்யூட்டருக்குள் போகிற தகர வாய்க்குள் சந்தனம் காய்ந்து கெட்டியாக இருந்தது. பளபளப்பாக இருந்த இடமாகப் பார்த்துப் பொட்டு வைத்திருக்கிறாள். பல் குத்தும் குச்சியால் மெல்லச் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைத்துச் செருகினேன். திரையில் ஒரு சி.டி. படம் வந்தது. மறுபடி நண்பனுக்குப் போன். மோடம் தன்னை சி.டி. என்று சொல்லிக்கொண்டு நிற்கிறது, அந்தப் படத்தில் எஜெக்ட் அமுக்கி சி.டி.யை வெளியே தள்ளு, மோடமாகிவிடும் என்றான். தள்ளினேன். நீல விளக்கு எரிந்தது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

மணி பத்தே கால். ரிசல்ட் வந்து கால் மணி நேரமாகிவிட்டது. அவள் ஒற்றை விரலால் நம்பரை அடித்தாள். பக்கம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. தமிழ், ஆங்கிலம், வணிகவியல். அவள் பயந்துகொண்டிருந்த கணக்குப்பதிவியல் கடைசியில் வந்தது. பாஸ். எல்லாமே பாஸ்.

அழுதாள்தான், ஆனால் அவள் வீட்டில், அவள் இஷ்டத்துக்கு அழுதாள். நானும் கூடச் சேர்ந்துகொண்டேன். கொஞ்சம் அடங்கியதும், குச்சி நுனியில் ஒட்டியிருந்த சந்தனத்தைக் காட்டினேன். முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எழுந்து போனவள் சந்தனக் கிண்ணத்தோடு திரும்பி வந்தாள்.

"இப்ப எங்க வெக்கட்டும்?"

"எங்க வேணா வெய்யி. தொடைக்க நான் கீறேன்."