சாம்பிள் டப்பாவில் வந்த வண்டு

இன்று காலை சுக்கு தேடி அடுக்களை மேல்தட்டைக் குடைந்தபோது ஒரு தகர டப்பா கையில் அகப்பட்டது. மூடியைத் திறந்ததும் தேயிலையும் அந்துருண்டையும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. ஐம்பது வருஷமாகியும் போகாத வாசனை. சுக்கை மறந்து அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

எழுபதுகளின் நடுவில் பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தேன். குடியிருந்தது கொழிஞ்சாம்பாறையில்; தினமும் பஸ். பாடம் நடத்தியது வயிற்றுக்கு, மனசெல்லாம் இலை வண்டுகளிடம். செடியைச் சல்லடையாக்கும் அந்தச் சிறு வண்டுகளில் யாரும் பார்க்காத இனம் ஒன்றைக் கண்டுபிடித்துப் பேர் வைத்துவிட்டால் உலகம் என்னைச் சும்மா விடாது என்று நம்பினேன். உலகம் இதுவரை சும்மாதான் விட்டிருக்கிறது.

என்னோடு படித்த செல்லையா வண்டிப்பெரியாறுக்காரன். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராகி, ஆப்பிரிக்காவில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவன். "எல வண்டு கண்டாப் புடிச்சு வையி. புதுசா இருந்தா உன் பேரையே வெக்கறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அவன் அதை அப்படியே நம்பினான். முதல் விடுப்பில் ஊருக்கு வந்து, இரண்டு வாரம் கழித்து தேயிலை மாதிரி அனுப்பும் சாம்பிள் டப்பாக்கள் ஏழோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். நசுங்காமலிருக்க ஒவ்வொன்றிலும் தேயிலைத்தூள், நடுவே ஒரு வண்டு. இன்று கையில் அகப்பட்டது அதில் ஒன்று.

ஆறு வண்டுகள் ஏற்கெனவே புத்தகத்தில் பேர் வாங்கியவை. ஏழாவது உடலமைப்பில் நம் ஊர்ப் பூசணி வண்டேதான். ஆனால் ஆரஞ்சு நிறம் இல்லை, கருங்காவி. பூசணி வண்டுக்கு ஆப்பிரிக்காவில் ஒரு கறுத்த பங்காளி! மூன்று வாரம் லென்ஸும் கையுமாகக் கிடந்தேன். ஆறு காலையும் தனித்தனியே வரைந்தேன். 'மங்கிய காப்பிக்கொட்டை நிறம்' என்று எழுதிய வரியை நானே படித்து நானே மெச்சிக்கொண்டேன். செல்லையாவின் பேருக்கு லத்தீன் வால் ஒட்டி, வண்டிப்பெரியாறுக்குக் கார்டும் போட்டாயிற்று. அவன் அம்மா லயம் முழுக்க மிட்டாய் கொடுத்தாராம்.

கட்டுரைக் கவரில் தபால்தலை ஒட்டும்போது என் மனைவி எட்டிப் பார்த்தாள். வேலந்தாவளத்துக்காரி, பூசணித் தோட்டத்திலேயே வளர்ந்தவள்.

"ஏனுங்க, இது நம்ம பூசணி வண்டுங்களே."

"இது ஆப்பிரிக்கா."

"எங்கிருந்து வந்தா என்னங்க? டீத்தூள்ல கெடந்து கறுத்துப் போயிருக்குது. ஒரு வாரம் பொறுங்க."

எனக்குச் சுருக்கென்றது. "நீ அடுப்பப் பாரு" என்றேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவள் கொல்லைக் கொடியில் ஒரு வண்டைப் பிடித்து, நமத்த தேயிலைத்தூளோடு டப்பாவில் மூடி, அடுப்பு மேடையில் வைத்தாள். நானும் ஏதோ சாக்குச் சொல்லிக் கவரைத் தபாலில் போடாமல் இருந்தேன். எட்டாம் நாள் திறந்து காட்டினாள். மங்கிய காப்பிக்கொட்டை நிறம்.

இரண்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு வண்டிப்பெரியாறுக்குப் பஸ் ஏறினேன். செல்லையா பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒரு டப்பாப் பூச்சி வழியிலயே தூளாப் போச்சு மாப்ள. வெறும் டப்பாவ எப்படி ஒருத்தர் கையில குடுக்கது? லயத்துப் பூசணிக் கொடியில ஒண்ணு இருந்துச்சு, போட்டுட்டேன். நீ இவ்வளவு தூரம் போவேன்னு தெரியாது. பேரு வச்சாச்சுன்னு கார்டு வந்தப்புறம் சொல்ல வாய் வரல."

அவனை எப்படித் திட்டுவது? பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தராத சனம் நாம். ஒரு சிட்டிகை சர்க்கரையாவது போடுவோம். அவன் வண்டு போட்டான். பூசணி வண்டை அடையாளம் தெரியாத குடியானவன் மகன் நான்தான் திட்டு வாங்க வேண்டியவன்.

"தூளாப் போனது எப்படி இருந்துச்சு?"

"நல்ல பச்சை. காலு மட்டும் நீலம். தோட்டம் போடக் காட்ட வெட்டிட்டு இருந்தாங்க, ஓரத்துல ஒரு எலையில உக்காந்திருந்துச்சு."

"தூளு எங்கடா?"

"ஊதிட்டேன் மாப்ள."

நீலக்கால் பச்சை வண்டு நான் புரட்டிய எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவன் திரும்பிப் போய் வருஷக்கணக்காகத் தேடினான். 'இன்னும் கெடைக்கல மாப்ள' என்று ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் இருக்கும். பிறகு அந்தக் காட்டோரமும் தேயிலையாகிவிட்டது என்று எழுதினான்.

செல்லையா காலமாகி ஏழெட்டு வருஷமாகிறது. லத்தீன் வாலோடு அவன் பேர் எழுதிய தாள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. வைக்கத்தான் வண்டு இல்லை.