மாம்பலத்தில் கை தப்பிய ரேஸ் வாட்ச்

அந்த வாட்ச் கை தப்பிப் போனது தொண்ணூற்றேழில், ஒரு சனிக்கிழமை. எழுதப் படிக்கத் தெரியாதவன் நான். சொல்லச் சொல்ல மகள் தட்டச்சு செய்கிறாள். இளவயசில் சோழவரம் கார் ரேஸில் டயர் மாற்றினேன். ஓட்டுகிறவர்கள் கையில் ஸ்டாப்வாட்ச் சேர்ந்த வாட்ச் இருக்கும். அந்தப் பழைய மாடல்களைக் கம்பெனிகள் அப்போது மறுபடி புதிதாகப் போட ஆரம்பித்திருந்தன. என்னிடம் இரண்டு சேர்ந்திருந்தன. கறுப்பு முகத்தில் மூன்று குட்டி வட்டம் உள்ள மாடல் பாண்டி பஜார் கடைக்கு ஒன்றே ஒன்று வந்திருந்தது.

பஸ் போர்டு படிக்க வராது, அதனால் ரயில். பரங்கிமலையில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் மாம்பலம். அங்கிருந்து கடைக்குக் கால்மணி நடை. ஒன்பதே முக்காலுக்குப் போய்விட்டேன். சனிக்கிழமை பத்தரை வரை ராகு காலம். எதிரே டீ குடித்தபடி நின்றேன்.

ஆட்டோவில் வந்து இறங்கினார் என் சகலை வரதன். மயிலாப்பூரில் பாத்திரக்கடை, பணத்துக்குக் குறைவில்லை. ரேஸ் மைதானத்தை எட்டிப் பார்த்ததில்லை. கல்யாணப் பந்தியில் நான் பீற்றிக்கொண்டதைக் கேட்டுத்தான் அவருக்கும் இந்த ஆசை. ஏன் வெளியே நிற்கிறேன் என்றார். சொன்னேன்.

“ராகு இன்னா அண்ணாத்தே, வாட்ச் கட்டிக்கினா வர்றாரு?” என்று உள்ளே போனவர், அந்த ஒரே வாட்சை வாங்கிக் கையில் கட்டிக்கொண்டே வெளியே வந்தார். சாப்பிட வரச் சொன்னார். மனைவியின் தங்கை வீடு, மறுக்க முடியுமா? மயிலாப்பூர் நாலு கிலோமீட்டர். வழி முழுக்க அவர் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு போனேன்.

வீட்டில்தான் கவனித்தார், பெரிய விநாடி முள் பன்னிரண்டிலேயே நிற்பதை. அவர் மனைவி விடவில்லை: “ராகு காலத்துல வாங்கினா வேற இன்னா ஆவும்?”

சாப்பிட்டதும் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவதாக வரதன் சொன்னார். பட்டனை அழுத்தினால்தான் அந்த முள் ஓடும். எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், சாயங்காலம் வாட்ச் எனக்கு. ரசம் ஊற்றிக்கொண்டேன்.

அந்த மனுஷன் சும்மா இருந்தாரா? டார்ச் லைட்டைத் தட்டுவதுபோல் வாட்சை மேஜை விளிம்பில் தட்டினார். ஒருமுறை. இரண்டாம் முறைக்குள் பிடுங்கிவிட்டேன். கட்டைவிரல் தானாகப் பட்டனை அழுத்தியது. முள் ஓடியது.

“உன் கைராசியே ராசி அண்ணாத்தே,” என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வாங்கப் போகிறவர்களுக்கு: பெரிய முள் நின்றிருந்தால் பழுதில்லை, கடையிலேயே அழுத்திப் பாருங்கள். சனிக்கிழமை வேண்டாம். ஆசைப்பட்ட மாடலைப் பந்தியில் சொல்லாதீர்கள். இன்றைக்கும் விசேஷ வீட்டில் வரதன் அந்த வாட்ச் கட்டிய கையைச் சாம்பாருக்கு நீட்டினால், எனக்குச் சோறு இறங்குவதில்லை.