ஏறி நின்ற குரல்

பத்து அரிசி மூட்டைகள் என் விஞ்சுக் கயிற்றில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. இறக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. நான் பிரேக்கை விடவில்லை.

இது ரங்கூன் துறைமுகத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்தது. விஞ்சு என்கிற, நீராவியில் பாரம் தூக்கும் பொறியை ஓட்டுகிறவனுக்குக் கப்பலின் அடியறை தெரியாது. மேல்தளத்தில், அடியறைக்குத் திறக்கும் அறைவாயில் ஓரம் ஒருவன் நின்று, உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பான். 'ஆரியா' என்றால் இறக்கு. இழுத்துச் சொன்னால் மெல்ல, வெட்டிச் சொன்னால் வேகமாக. நீராவி இரைச்சலில் சொல்லைவிடக் குரலின் போக்குத்தான் காதுக்கு வந்து சேரும்.

எனக்குக் குரல் கொடுத்தவன் ரங்கூனில் பசுந்தாங் பகுதியில் குடியிருந்த சின்னப்பன். அடியறையில் மூட்டை அடுக்கியவர்களில் ஒருவன் வீரையா, தெலுங்குக்காரன். சின்னப்பனின் தங்கையைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் பின்வாங்கியவன். இருவருக்கும் பேச்சில்லை. "என்னைக்காவது ஒரு நாள் என் கையில மாட்டுவான்" என்று சின்னப்பன் டீக்கடையில் சொன்னதை நானே கேட்டேன். அதன்பின் அவன் கொடுத்த ஒவ்வொரு குரலையும் சந்தேகத்தோடுதான் கேட்டுவந்தேன்.

அன்று உச்சி வெயில். "ஆரியா" என்றான். எப்போதும் தாழ்ந்து முடியும் குரல், அன்று கடைசியில் மேலே ஏறி நின்றுவிட்டது.

மேஸ்திரி அவன் பின்னாலிருந்து கத்தினார். "என்னய்யா, தூங்குறியா? சொல்லியாச்சுல்ல, எறக்கு."

"அவன் சொல்லல மேஸ்திரி. கேக்குறான்."

பிரேக்கை இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கிப்போய் எட்டிப் பார்த்தேன். வெயிலில் நின்ற கண்ணுக்கு முதலில் இருட்டுத்தான் தெரிந்தது. பிறகு, தொங்கிய மூட்டைகளுக்கு நேர் கீழே வீரையா தெரிந்தான். மூட்டை இடுக்கில் சிக்கிய காலை இழுத்துக்கொண்டிருந்தான்.

ஆட்கள் ஓடிப்போய் அவனைத் தூக்கினார்கள். நான் சின்னப்பனின் சட்டையைப் பிடித்தேன்.

"பாத்துக்கிட்டேதானே சொன்ன? கொல்லப் பாத்தியா?"

அவன் என் கையை உதறிவிட்டு நகர்ந்தான். மேஸ்திரி அன்றே அவனை வேலையிலிருந்து நிறுத்தினார். என் சந்தேகம் சரிதான் என்றிருந்தேன்.

சாயங்காலம் வீரையா காலில் கட்டோடு என்னைத் தேடி வந்தான்.

"கீழ சரியான்னு அவன் ரெண்டு தடவை கேட்டாண்ணே. மத்தவங்க தள்ளி நின்னாங்க, எனக்குத்தான் கேட்டுச்சு. அவன்கூட பேசக்கூடாதுன்னு சும்மா இருந்துட்டேன். பதில் வரலைன்னா எறக்கமாட்டான்னு நெனச்சேன்."

மறுநாள் சின்னப்பன் வீட்டுக்குப் போனேன். உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலிலேயே நின்று பேசினான்.

"வெயில்ல கண்ணு கூசிருச்சு. உள்ள ஒண்ணும் தெரியல. கேட்டா பதிலும் இல்ல. மேஸ்திரி விரட்டுறாரு, வாய் தன்னால சொல்லிருச்சு. நீங்க எறக்காம நின்னப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு."

"இதை அங்கேயே சொல்லியிருக்கலாமேப்பா."

"நீங்க என்ன, பதில் வேணும்னுதான் கேட்டீங்களா?"

அங்கிருந்து நேரே வீரையாவைத் தேடிப் போனேன்.

நானும் வீரையாவும் போய்ப் பேசியதில் மேஸ்திரி அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். ஆனால் மூட்டை தூக்கத்தான் விட்டார். அறைவாயிலில் நிற்க அவனை மறுபடி விடவே இல்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். குரல் சரியில்லை என்று பட்டால், யார் கத்தினாலும் விஞ்சை நிறுத்துங்கள். அது வரைக்கும்தான் காதை நம்பலாம். ஏன் சரியில்லை என்பதை அந்த ஆளிடமே கேளுங்கள். பதில் தெரியாதவனைப் போலக் கேளுங்கள்.