அக்கா பதிந்த புகார்

என் அக்காவுக்கு இணைய இணைப்பு தரும் ஒரு கம்பெனியில் புகார் கேட்கிற வேலை. தலைநகரில் எவனோ பார்க்கிற படம் அரை நிமிடம் நின்றுபோனால், இவள் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டுக் கேட்டு நாக்கே தேய்ந்துவிட்டது. சம்பளம் குறைவாகக் கொடுக்கலாம் என்றுதான் அந்த அலுவலகத்தை எங்கள் ஊரில் திறந்தார்கள். அதற்கு இழுத்த புதுக் கேபிள் எங்கள் வாசலைத் தோண்டித்தான் போகிறது. எங்கள் வீட்டுக்கு மட்டும் அதே பழைய லைன். வயிறு எரியாதா?

போன வாரம் தலைமை அலுவலக வேலைக்கு அவளுக்கு வீட்டிலிருந்தே வீடியோ நேர்காணல். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று அவர்கள் கேட்டதோடு லைன் செத்தது. வெள்ளிக்கிழமை இன்னொரு வாய்ப்பு தருவதாகச் சொன்னார்கள். உடனே தன் பெயரிலேயே ஒரு புகார் பதிந்தாள்.

வியாழன் மாலை அந்தப் புகார் சுற்றிச் சுற்றி அவள் திரைக்கே வந்து நின்றது. லைனைச் சரிசெய்ய ஆள் அனுப்பும் பொத்தான் தலைநகர் முகவரிகளுக்கு மட்டும்தான் வேலை செய்யும். வந்த புகாரையெல்லாம் மூடாமல் வீட்டுக்குக் கிளம்பவும் விடமாட்டார்கள்.

"அப்புறம் என்னக்கா பண்ணின?" என்று கேட்டேன்.

செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "வாடிக்கையாளர்கிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு, அவங்களுக்குத் திருப்தின்னு போட்டு மூடிட்டேன்."