வேகன் மேல் சாக்பீஸ் எழுத்து

பொய்ப்பல் செய்வதுதான் அவருக்குத் தொழில். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல் வடித்து, அரத்தால் தேய்த்து, பக்கத்துப் பல்லோடு பொருந்துகிற மாதிரி கறையும் ஏற்றிக் கொடுப்பார். புதுப் பல் பளீரென்று இருந்தால் பார்க்கிறவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். இருபது வருஷம் காபி குடித்த பல் மாதிரி இருக்க வேண்டும். அந்தக் கறை வைக்கும் வித்தையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. தெருவில் அவருக்குப் பல்லுக்காரர் என்றே பெயர்.

அதே கையோடு வீட்டுக்கு வந்தால் சரக்கு ரயில் வேகன் கட்டுவார். நிஜ வண்டியல்ல, பொம்மை. அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும் துண்டுகளை ஒவ்வொன்றாக வெட்டி, பிசிறு சீவி, பசை வைத்து ஒட்டினால் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு வேகன் உருவாகும். அதோடு விடமாட்டார். அச்சிலேயே வந்த தடித்த கைப்பிடிகளைச் சீவி எறிந்துவிட்டு, தலைமுடி கனத்துக்குப் பித்தளைக் கம்பியை வளைத்து வைப்பார். அடிப்பக்கம் யாரும் பார்க்கப்போவதில்லை என்றாலும் பிரேக் குழாய்களை ஓட்டுவார். கடைசியில்தான் அவருக்குப் பிடித்த வேலை, புது வண்டியைப் பழைய வண்டியாக்குவது. நீர்த்த பழுப்பு வண்ணத்தைப் பூசித் துடைப்பார், ஆணித் தலைகளிலிருந்து துரு வழியவிடுவார், கூரையில் கரிப்பொடி தூவுவார்.

"ஊர்ல எல்லாரும் பழசைப் புதுசாக்குவாங்க. எங்க வீட்ல தலைகீழ்," என்பார் மனைவி. "பகல்ல பல்லுக்குக் கறை, சாயங்காலம் வண்டிக்குத் துரு. நல்லவேளை, ரெண்டுலேர்ந்தும் என்னை விட்டுவெச்சிருக்கார்."

மனம்போன போக்கில் துரு வைப்பது அவருக்குப் பிடிக்காது. ஒவ்வொரு வேகனுக்கும் நிஜ வண்டி ஒன்றின் புகைப்படம் வேண்டும். விடுமுறை நாள் காலையில் சரக்கு யார்டின் வேலியோரப் பாதையில் நடந்து, நிற்கிற வண்டிகளைப் படம் பிடித்து வருவார். கணினியில் தேதிவாரியாக ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்திருந்தார். அவற்றில் ஆறு வருஷப் பழைய படம் ஒன்றைப் பார்த்து ஒரு மூடு வேகன் கட்டினார். செங்காவி நிறம். கதவுக்கு இடப்பக்கம் யாரோ சாக்பீஸால் ஏதோ எழுதியிருந்தார்கள். அந்த எழுத்துதான் அவரை இழுத்தது. பூதக்கண்ணாடிக்குக் கீழே, மூன்றே முடி உள்ள தூரிகையால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, கடுகு அளவு எழுத்துகளை இரண்டு வாரம் வரைந்தார். அவர் கட்டிய அறுபத்துச் சொச்சம் வேகன்களில் அதுதான் முதல்தரம் என்று பொம்மை ரயில் சங்கத்து நண்பர்களே ஒப்புக்கொண்டார்கள். அதன் பிறகு மூன்று வருஷம் அது வரவேற்பறை அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் நின்றது.

மூன்றாம் வருஷம் சங்கத்தின் கண்காட்சி ஒரு நூலகத்தின் மாடிக் கூடத்தில் நடந்தது. மதியம் அவருடைய மேசைக்கு மேலிருந்த விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்ததால் எலக்ட்ரீஷியனை வரவழைத்தார்கள். முப்பது வயதுப் பெண். ஏணி போட்டு ஏறி, வேலையை முடித்து இறங்கினாள். ஸ்க்ரூடிரைவரை இடுப்புப் பையில் செருகியபடி மேசையை எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் பல்லுக்காரர். பாராட்டுக்குப் பழகிய மனிதர்.

  அவள் வேகனைத் தொடாமல், அதன் பக்கத்தில் எழுதியிருந்த எண்ணை நோக்கி விரலை மட்டும் நீட்டினாள்.

"இந்த நம்பர் உங்களுக்கு எங்கேர்ந்து கெடைச்சுது சார்?"

"நெசமான வண்டியோட நம்பர்தாம்மா. நாலு, சைபர், ஏழு..."

"ஒண்ணு, ஆறு," என்று அவளே முடித்தாள். "இந்த நம்பரை எங்க வீட்ல யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம் சார்."

மேசையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தாள். எழுத்துக் கூட்டி மெல்லப் படித்தாள். "கை பிரேக் பழுது. நகர்த்தாதே." பிறகு ஏணியின் அடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஏணி ஆட்டம் கண்டது. பல்லுக்காரர் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்.

"பழுதுங்கறதுல அந்த ழு-வைப் பாருங்க. வாலைக் கீழ கொண்டுபோய் ரெண்டு சுத்து சுருட்டியிருக்கு. எங்கப்பா மட்டும்தான் அப்படி எழுதுவார்," என்றாள். "எழுதவே இல்லைன்னுதான் சார் அவரை வேலையைவிட்டுத் தூக்கினாங்க."

பிறகு அவள் சொன்னது இதுதான். அவளுடைய அப்பா அந்த யார்டில் வேகன் பரிசோதகர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலை, ஒரு வேகனின் கை பிரேக் பிடிக்கவில்லை என்று கண்டுபிடித்தார். சாக்பீஸால் அதன் மேல் எழுதிவிட்டு, சீட்டு எழுதிக் கொடுக்க அலுவலகத்துக்கு நடந்தார். அவர் போய்ச் சேர்வதற்குள், வண்டியைப் பார்க்காமலே அலுவலகத்திலிருந்து யாரோ உத்தரவு கொடுக்க, இன்ஜின் அதைத் தள்ளிவிட்டது. பிரேக் இல்லாத வேகன் சரிவில் உருண்டு போய், தண்டவாளத்தில் முதுகு காட்டி நின்ற, தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் மேல் ஏறியது. ஆள் அங்கேயே போய்விட்டார். கால் மணி நேரத்தில் அடைமழை. விசாரணைக்கு வந்தவர்கள் பார்த்தபோது வேகன் மேல் ஒரு எழுத்தும் இல்லை. எழுதினேன் என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை.

 அந்த விபத்து பல்லுக்காரருக்கு நினைவிருந்தது. மறுநாள் செய்தித்தாளில் நான்கு வரி வந்திருந்தது, வேகன் எண் இல்லாமல். "நேத்து அந்தப் பக்கம்தான் நான் போயிருந்தேன்," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியதுகூட நினைவிருந்தது.

கண்காட்சியைப் பாதியில் விட்டுவிட்டு, அவளைக் கையோடு வீட்டுக்கு அழைத்துப் போனார். கணினியில் படத்தைத் திறந்தார்கள். தேதி அதுதான். நேரம் பத்து மணி இருபது நிமிஷம்.

"விபத்து பத்தரைக்கு," என்றாள் அவள்.

மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார். மனைவிதான் முதலில் பேசினார்.

"இத்தனை வருஷமும் இது நம்ம வீட்லயாங்க இருந்துச்சு?"

"ஒவ்வொரு எழுத்தா வரைஞ்சேன்," என்றார் பல்லுக்காரர்.  "சுழி எங்க தடிக்குது, எங்க மெலியுதுன்னு பார்த்துப் பார்த்து வரைஞ்சேன். என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவைகூட யோசிக்கலை."

பேச்சுக்குப் பேச்சு கேலி செய்கிற மனைவி எழுந்து போய் அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் காலை படத்தைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துக்கொண்டு, வேகனைப் பஞ்சில் பொதிந்து, அவளுடைய வீட்டுக்குப் போனார் பல்லுக்காரர். அறுபத்தேழு வயது அப்பா அந்த ஒன்பது வருஷமும் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கடைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவரிடம் மகள் படத்தை நீட்டினாள். விவரம் எதையும் முதலில் சொல்லவில்லை.

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பொத்தான் போடாத சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்தார். சந்தோஷப்படுவார், அழுவார், கோபப்படுவார் என்றெல்லாம் பல்லுக்காரர் நினைத்து வைத்திருந்தார். அவரோ பேயறைந்த மாதிரி இருந்தார்.

"அப்ப நான் எழுதியிருக்கேன்," என்றார்.

"நீங்கதானேப்பா எழுதினேன்னு சொன்னீங்க," என்றாள் மகள்.

"சொன்னேன். முதல் வருஷம் சொன்னேன். எல்லாரும் இல்ல இல்லங்கறாங்க. படுத்தா அந்தக் காலையை நெனச்சுப் பாப்பேன். பையில சாக்பீஸ் இருந்துச்சு, எடுத்தேன், எழுதினேன்னு வரும். அப்புறம் எடுக்கலையோன்னு வரும். ரெண்டு மூணு வருஷத்துல, நான் எழுதலைங்கறதுதான் நெசம்னு ஆயிப்போச்சு. ஒரு ஆளைக் கொன்னுட்டோம்னுதாம்மா நான் இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தேன்."

 அப்பா அதைப் பற்றிப் பேசாமல் இருந்ததைக் கோபம் என்றுதான் மகள் அத்தனை வருஷமும் எண்ணியிருந்தாள்.

"என்னை மன்னிச்சிருங்க ஐயா," என்றார் பல்லுக்காரர். "ஒம்பது வருஷம் கையில வெச்சுக்கிட்டு..."

"நீங்க என்ன தம்பி பண்ணுவீங்க," என்றார் அவர். ஆனால் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். பிறகு பஞ்சைப் பிரித்து வேகனை எடுத்தார். பரிசோதகரின் கை, திருப்பி நேரே அடிப்பக்கத்தைப் பார்த்தது. கை பிரேக் இருந்த மூலையை நகத்தால் தொட்டார்.

"இங்க உள்ள பல்சக்கரத்துல ஒரு பல்லு உடைஞ்சிருந்துச்சு. அதான் பிடிக்கலை. நீங்க முழுசா வெச்சிருக்கீங்க."

"பல்லுதான் என் தொழிலே," என்றார் பல்லுக்காரர், என்ன சொல்வதென்று தெரியாமல். அந்த வீட்டில் அன்று முதன்முதலாக யாரோ சிரித்தார்கள். அதுவும் பாதியில் நின்றுவிட்டது.

ரயில்வே அலுவலகத்தில் படத்தை லேசில் ஏற்கவில்லை. கேமராவின் நேரம் சரி என்று எப்படி நம்புவது என்று கேட்டார்கள். பல்லுக்காரர் அன்று எடுத்த மற்ற நாற்பது படங்களையும் கொண்டுபோய்க் கொடுத்தார். அவற்றில் ஒன்றில் தூரத்தில் தெரிந்த யார்டு அலுவலகச் சுவர்க் கடிகாரம் பத்து இருபத்திரண்டு காட்டியது; அந்தப் படத்தில் கேமரா பதிந்திருந்த நேரமும் அதுவே. அதைப் பார்த்த அதிகாரி பழைய விசாரணைக் கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். ஏழு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பரிசோதகர் வேகனில் எச்சரிக்கை எழுதியது உறுதியாகிறது, அவர் மேல் தவறில்லை, பழைய தீர்ப்பு ரத்து.

கடிதம் வந்த மறுநாளே அவர் செய்த காரியம் ஒன்றுதான். இறந்துபோன பாயிண்ட்ஸ்மேனின் மனைவி வீட்டுக்குப் போனார். ஒன்பது வருஷத்தில் அவர் அந்தத் தெருப் பக்கமே போனதில்லை. மகளும் பல்லுக்காரரும் கூடப் போனார்கள். அந்த அம்மாள் கதவைத் திறந்தார். வாங்க என்று சொல்லவில்லை; போங்க என்றும் சொல்லவில்லை. படத்தையும் கடிதத்தையும் வாசலிலேயே நின்று வாங்கிப் பார்த்தார். 

"நான் உங்களைச் சபிக்காத நாளில்லை," என்றார்.

"தெரியும்மா."

"இதை நீங்க எழுதியிருந்தீங்கன்னா, தள்ளச் சொன்னது யாரு?"

பரிசோதகர் கடிதத்தைத் திரும்ப வாங்கி ஒரு தடவை முழுசாகப் படித்தார். அதில் அந்தப் பெயர் இல்லை. அதுவரை அவர்கள் மூன்று பேருக்குமே அந்தக் கேள்வி தோன்றவில்லை.

"இதுல போடலைம்மா," என்றார்.

அந்த அம்மாள் உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். "போய்க் கேப்போம். ஆபீஸ் இன்னும் தெறந்திருக்கும்ல?"

பல்லுக்காரர் தன் காரை எடுத்தார். அன்றைக்குக் கொடுத்த மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. மாதத்துக்கு ஒருமுறை பரிசோதகரும் அந்த அம்மாளும் ஒன்றாகப் போய் அந்த அலுவலகத்தின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள்.